மேலே போனால் கிடைக்கும் டவர்

ஓசூரில் ஒரு தொழிற்சாலை. லாரிகளில் பொருத்தும் கம்ப்யூட்டர்களைச் சோதிக்கும் அறை அங்கே தரைக்குக் கீழே இருந்தது. சோதனைக்கு வரும் கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது மேலாளர் ஞானசிகாமணி போட்ட சட்டம்.

மூன்று நாளாகச் செண்பகவல்லி ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். செல்போன் சிக்னலும் வரவில்லை, ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு செயற்கைக்கோளும் சிக்கவில்லை. பயிற்சிக்கு வந்த அவளுடைய வேலை நிரந்தரமாவது இந்த அறிக்கையைப் பொறுத்தது.

"மேலே முற்றத்திலே வெச்சுப் பார்க்கலாம் சார்" என்று ஞானசிகாமணியிடம் பதினோராவது முறையாகக் கேட்டாள்.

"சட்டம்னா சட்டம்மா. பெட்டி நல்ல பெட்டி, உனக்குத்தான் சோதிக்கத் தெரியலே. இந்த அறையிலேயே சிக்னல் கிடைச்சுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சரி சார். அதையே இங்கேருந்து கஸ்டமருக்குப் போன் போட்டு நீங்க சொல்லிடுங்க. உடனே கையெழுத்துப் போடறேன்."

"இவ்வளவுதானே?" என்று அவர் போனை எடுத்தார். காதில் வைத்தார், சுவரோரம் போனார், நாற்காலி மேல் ஏறினார். கடைசியில் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

"எங்கே சார்?"

"மேலே போனாத்தாம்மா டவர் கிடைக்கும்!" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

செண்பகவல்லி பெட்டியைப் பேட்டரியோடு தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "இதையும் கூட்டிட்டுப் போங்க சார். பாவம், அதுவும் டவரைத்தான் தேடுது."

முற்றத்தில் இரண்டே நிமிடத்தில் சிக்னல் வந்தது, ஒன்பது செயற்கைக்கோள்களும் சிக்கின. ஞானசிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வேலையை நிரந்தரமாக்கினார். அறிக்கையில் 'சோதித்த இடம்' என்ற கட்டத்தில் அவள் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள்: "தொழிற்சாலை முற்றம், மேலாளர் கையில்."