அடுத்த நாட்டுக்குக் கெளம்பின கொடி

செங்கமடை ராஜாவுக்கு ரொம்ப எளகின மனசு. அடுத்த நாட்டுல யாருக்காவது கஷ்டம்னு கேட்டாப் போதும், சபையிலயே அழுதுருவாரு.

அன்னிக்கும் அழுதாரு. பக்கத்து நாட்டு ராஜா ஏழைபாழைங்கள குளத்துல தண்ணி எடுக்க விடலையாம்.

"அடப்பாவி! ம்ம்... ங்க்கும்... தண்ணியக் கூடவா குடுக்க மாட்டான்?" பட்டுத்துண்டு நனைஞ்சு போச்சு.

சபையில தோணியப்பன்னு ஒருத்தன். ராஜாவுக்கு வேடிக்கை காட்டுறதுதான் உத்தியோகம். அவனைக் கூப்பிட்டாரு.

"தோணியப்பா, நம்ம கொடிய எடுத்துக்கிட்டு கெழக்கால கெளம்பு. எந்தக் குளத்துல சனங்கள மறிக்கிறாங்களோ அந்தக் கரையில நடு. 'இனி யாரையும் தடுக்கப்படாது, எங்க ராஜா கட்டளை'ன்னு சொல்லு. அந்த ராஜா வெக்கப்படட்டும்!"

"எந்தக் குளமா இருந்தாலுமா மகாராஜா?"

"எந்தக் குளமா இருந்தாலும்!"

தோணியப்பன் குதிரை ஏறினான். கோட்டை வாசலத் தாண்டினா மொதல்ல வர்றது அரமனைக் குளம். அங்க காத்தாயி வெறுங்குடத்தோட நிக்கிறா. தோல் பதனிடுற தெருக்காரி. பின்னால அவ தெருவே நிக்குது. குறுக்க படைய நடத்துற தளவாயோட ஆளுங்க, வேல்கம்போட.

"என்ன தாயி?"

"தெனமும் இதேதாஞ் சாமி. நாங்க தொட்டா கொளம் கெட்டுருமாம். சேத்துப்பள்ளத்துத் தண்ணியக் குடிச்சு பிள்ளைகளுக்குப் பேதி. நீங்க எங்கிட்டுக் கெளம்பிட்டீக?"

சொன்னான். ராஜா அழுததையும் சொன்னான்.

"அம்புட்டு அழுகையா? அந்தக் கண்ணீரையாவது இந்தக் கொடத்துல புடிச்சுக்கிடவா சாமி?"

தோணியப்பன் சிரிக்கல. எறங்கினான். கொடிய நட்டான். கட்டளையச் சொன்னான்.

ஆளுங்க முழிச்சாங்க. செங்கமடையில ராஜா கொடிய நட்டுட்டா ராஜாதான் வந்து பிடுங்கணும். வேற எவன் தொட்டாலும் தலை இருக்காது. வேல்கம்ப ஓரமா சாச்சு வெச்சாங்க. காத்தாயி எறங்கிக் குடத்த முக்கினா.

சேதி கேட்டு தளவாய் ராஜாகிட்ட ஓடினாரு. "போச்சு மகாராஜா! மானமே போச்சு!"

ராஜாவோட பல்லக்கு குளத்துக்கு வந்துச்சு. "டேய்! உன்ன அடுத்த நாட்டுக்குல்ல அனுப்பினேன்?"

"அங்கதான் போய்க்கிட்டிருக்கேன் மகாராஜா. வழியில குளம் வந்துருச்சு."

"பிடுங்கி எறியுங்க மகாராஜா!"ன்னாரு தளவாய்.

ராஜா கொடிக்கம்புல கை வெச்சாரு. தெருவே பாக்குது. காத்தாயி நெறகுடத்த எறக்கி வைக்கல.

"பிடுங்கிக் குடுங்க மகாராஜா," தோணியப்பன் பணிவா கை நீட்டினான். "இதே கொடியத்தான் அங்கயும் நடணும். 'உங்க ஊர்ல எப்படிய்யா?'ன்னு அந்த ராஜா கேப்பாரு. என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிருங்க."

ராஜா காத்தாயியோட நெறகுடத்தப் பாத்தாரு. கம்புலருந்து கைய எடுத்துட்டாரு.

"நிக்கட்டும். உனக்கு வேற கொடி தர்றேன். எல்லைக்கு எப்பப் போய்ச் சேருவ?"

"நானா? வழியெல்லாம் இதே மாதிரி நம்ம நாட்டுக் குளம்தான மகாராஜா. என் பேரன் போய்ச் சேருவான்."

ராஜாவுக்குச் சிரிப்ப அடக்க முடியல. ஒரு வண்டி நெறையக் கொடி குடுத்தாரு. வண்டிய ஓட்ட தளவாய ஏறச் சொல்லிட்டாரு.