அச்சு விழாத களிமண் வில்லை

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். ஓடை நண்டுக்கும் அரண்மனையில் கணக்கு இருந்த காலம் அது. ஒரு ராஜா இருந்தார். அவர் நாட்டில் மலையிலிருந்து மூன்று ஓடைகள் இறங்கின.

ராஜாவுக்குப் பூந்தோட்டம் போட ஆசை. அதற்கு ஓர் ஓடையைத் திருப்ப வேண்டும். எதை? "எதில் நண்டு வகை குறைவோ, அதை" என்றார். ஓடைக்கு ஒருவர் நண்டு பிடிக்க வேண்டும். ஈரக் களிமண் வில்லையில் அதை அழுத்தி அச்செடுத்து, நோகாமல் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். வகைக்கு ஒரு வில்லை.

மேல் ஓடைக்குச் சாத்தன். நடு ஓடைக்கு வேம்பன். கீழ் ஓடைக்கு மருதி. கீழ் ஓடை போனால் மருதியின் ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

மருதி நண்டு சிக்கும் மூங்கில் பறிக்கூடை வைத்தாள். கல்லைப் புரட்டினாள், புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்தாள். ஐந்து வகை கிடைத்தன. கடைசியில் ஒரு கல்லடியில் இன்னொரு நண்டு. மாதுளம்பூ நிறம், ஒரு கால் குட்டை. தொட்டால் வெண்ணெய்போல மெத்தென்றிருந்தது. அழுத்தினால் செத்துப்போகும். அங்கேயே விட்டுவிட்டாள்.

"புது வகைன்னு சொல்லிடு புள்ள" என்றான் அவள் கணவன் கோடன்.

"அச்செடுத்த வகையிலேயே ஒண்ணு, ஓடு கழற்றி மெத்துன்னு ஆயிருந்தா?"

"ராஜா வந்து கிள்ளிப் பார்க்கப் போறாரா?"

"எனக்குத் தெரியலையே மாமா."

"தெரியலைன்னு சொல்லவா இத்தனை தூரம் நடக்கப் போற?" கோடன் சிரித்தான். ஆனாலும் வில்லைக் கூடையை அவனே தலையில் தூக்கிக்கொண்டான்.

அரண்மனையில் சாத்தன் ஒரு கூடை வில்லையைக் கொட்டினான். வேம்பன் அதைவிட அதிகம் கொட்டினான். மருதி ஐந்தை வைத்தாள். பிறகு ஒரு வெறும் வில்லையையும் வைத்தாள்.

"இதில் ஒன்றும் இல்லையே?" என்றார் ராஜா.

"இன்னொரு நண்டு இருக்கு மகாராஜா. புது வகையா பழைய வகையா, எனக்குத் தெரியாது. அழுத்தினா செத்துடும். அதான் அழுத்தலை."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "அப்படியானால் போய்ப் பார்ப்போம்" என்று எழுந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள்.

போய்ச் சேர்வதற்குள் நண்டின் ஓடு இறுகி, நிறமும் கறுத்துவிட்டது. குட்டைக் கால் மட்டும் அப்படியே இருந்தது. மருதி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "புதுசு இல்லை மகாராஜா. என் மூணாவது வில்லையில இருக்கிற அதே வகைதான்."

கோடன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ராஜா குனிந்தார். கல்லுக்குப் பின்னால் நண்டு கழற்றிய ஓடு கிடந்தது. பார்க்க முழு நண்டு, உள்ளே காலி. "இதையும் அழுத்தியிருந்தால்?"

"வில்லை ஒண்ணு கூடியிருக்கும். நண்டு கூடியிருக்காது."

ராஜா திரும்பினார். "சாத்தா, வேம்பா, உங்கள் ஓடைகளிலும் நண்டு ஓடு கழற்றுமா?"

சாத்தன் தன் காலைப் பார்த்தான். வேம்பன் மரத்தைப் பார்த்தான்.

"ஓர் ஓடையின் கணக்குத்தான் எனக்குத் தெரியும். மற்றவற்றில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எதைத் திருப்புவது?" என்றார் ராஜா. மருதி மற்ற இரண்டு ஓடைகளின் நண்டு வகைகளையும் எண்ணினாள். ராஜாவும் கூடவே இறங்கிக் கல் புரட்டினார். கட்டை விரலில் கடியும் வாங்கினார். எண்ணி முடித்தபோது, ஒவ்வோர் ஓடையிலும் வாழும் உயிர்களைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டதால், எந்த ஓடையைத் திருப்பவும் அவருக்கு மனம் வரவில்லை. ஓடையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல், தோட்டத்தையே ஓடைக்கரைக்குக் கொண்டுவந்தார்.

'தெரியாது' என்று சொல்லத் துணிந்தவர் 'தெரியும்' என்று சொல்லும்போதுதான் உலகம் நம்பும்.