ஒண்ணுமில்லப்பா

“எங்க வீட்டுல யாரைக் கேட்டாலும் ஒண்ணுமில்லங்கிறாங்க சாமி” என்றார் ஆண்டியப்பன்.

குரு மடத்து முற்றத்தில் சவுக்குச் சருகைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஆண்டியப்பனின் தம்பி வயதுதான் அவருக்கு இருக்கும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“எதைக் கேட்டா?”

“எதைக் கேட்டாலும்தான். பொண்டாட்டி ஏதோ சொல்ல வருவா. என்னன்னா, ஒண்ணுமில்லம்பா. மவன் வளைகுடாவுல மீன்பிடிப் படகுல இருக்கான். வெள்ளிக்கிழமையானா போன் பண்ணுவான். ‘அப்பா, ஒரு விஷயம்’னு ஆரம்பிப்பான். கடைசியில ‘ஒண்ணுமில்லப்பா’ன்னு வச்சிடுவான். போன வாரம் அவங்கம்மாகிட்ட அழுதிருக்கான். அவ கேட்டதுக்கு, அப்பாகிட்டதான் சொல்லணும்னானாம். எனக்குத் தூக்கம் வரல சாமி.”

“நீங்க என்ன—”

“மீன் ஏலம் விடுறேன். எங்கப்பா கட்டுமரத்துல போனவரு. நான் கரையோட சரி.”

குரு தலையசைத்தார். அவர் கேட்க வந்தது அதுதானா என்று முகத்தில் தெரியவில்லை.

படகுத்துறையில் ஆண்டியப்பனுக்குப் பெரிய பேர். வியாபாரி விலையைப் பாதி சொல்லும்போதே அடுத்ததைக் கூவிவிடுவார். ஒவ்வொருவரும் பேசி முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தால் மீன் நாறிவிடும் என்பார். சத்தம் அடங்கிவிட்டால் கூடை கைமாறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் யார் என்ன சொன்னாலும் செல்லாது.

“ஒருத்தர் வாயைத் திறக்குறப்பவே என்ன வரப்போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அதை நானே சொல்லிடுறேன். அதுல என்ன சாமி தப்பு?”

“அப்ப மகன் என்ன சொல்ல வந்தான்?”

ஆண்டியப்பன் துடைப்பத்தை எடுத்து மீதிச் சருகைப் பெருக்கத் தொடங்கினார்.

வெயில் ஏறியிருந்தது. குரு கைகால் கழுவினார்.

“சாப்பிட்டு—”

“சாப்பிட்டாச்சு சாமி.”

விடிகாலையில் குடித்த டீயோடு சரி. ஆனால் யார் எப்போது கேட்டாலும் அந்தப் பதில்தான் அவருக்கு வரும்.

குரு தனக்கு மட்டும் ஓர் இலை போட்டுக்கொண்டார். கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். ஆண்டியப்பன் எதிரில் உட்கார்ந்து அப்பளம் நொறுங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சாமி என்ன சொல்ல வந்தீங்க?”

“சாப்பிட்டுட்டுப் பேசலாம், ரெண்டு இலை நறுக்கிட்டு வாங்கன்னு.”

“அதுக்கென்ன, இப்பவும் நறுக்கலாமே.”

“சாப்பிட்டாச்சுன்னீங்களே” என்று குரு மோரை ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் விளக்கேற்றும் வேளை. மடத்துக்குப் பின்னால் ஒரு சமாதி இருந்தது. அதைச் சுற்றி அகல் வைப்பார்கள். அங்கே விளக்கைத் தரையில் வைத்து எண்ணெய் விடும் வழக்கம் கிடையாது. ஒருவர் கையில் ஏந்த வேண்டும், இன்னொருவர் மூக்கு வைத்த கெண்டியிலிருந்து ஊற்ற வேண்டும். இலுப்பெண்ணெய்தான். மார்கழிக் குளிருக்கு அது கெட்டித்துப் போயிருந்தது. குரு கெண்டியை அடுப்பருகே வைத்து இளக்கிக் கொண்டுவந்தார்.

“ஏந்துங்க.”

ஆண்டியப்பன் ஏந்தினார். எண்ணெய் மெதுவாக விழுந்தது. மெலிந்தது. நூலானது. அறுந்தது. அவர் அகலை இழுத்துக்கொண்டார்.

குரு கெண்டியை நிமிர்த்தவில்லை. சாய்த்தபடியே பிடித்திருந்தார். அதன் மூக்கின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. யோசித்தது போல நின்றது. பிறகு ஆண்டியப்பனின் பாதத்தில் விழுந்தது.

குரு கெண்டியைக் கீழே வைத்துக் குனிந்தார். தன் மேல்துண்டால் அந்தப் பாதத்தைத் துடைத்தார்.

“ஐயோ, என்ன சாமி இது. என் காலைப் போய் நீங்க—”

“ஏந்துங்க.”

அடுத்த அகல். ஆண்டியப்பன் எச்சரிக்கையாகத்தான் இருந்தார். ஆனால் நூல் அறுந்ததும் கை தானாக விலகியது. மறுபடி பாதத்தில் சொட்டு. மறுபடி குரு குனிந்தார்.

“நின்னுடுச்சுன்னு நெனச்சேன் சாமி.”

“எண்ணெய் அப்படிச் சொல்லிச்சா?”

ஆண்டியப்பன் அகலை நீட்டினார்.

இந்த முறை நூல் அறுந்த பிறகும் நின்றார். கெண்டியின் மூக்கு வெறுமையாக இருந்தது. கை உளைந்தது. ஒரு சொட்டு வந்தது. அவ்வளவுதான் என்று பட்டது. குருவின் மணிக்கட்டைப் பார்த்தார். அது இன்னும் சாய்ந்தே இருந்தது. காற்றில் சவுக்கு இரைந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று திரண்டு வந்தது, முதல் சொட்டைவிடப் பெரிதாக.

குரு கெண்டியை நிமிர்த்தினார்.

விளக்கு வைத்து முடித்து உள்ளே வந்ததும் குரு ஆரம்பித்தார்.

“சாப்பிட்டு—”

ஆண்டியப்பனுக்குப் பசியில் காது அடைத்தது. பேசாமல் நின்றார்.

“—இலையை நீங்களே எடுத்துடுங்க” என்றார் குரு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகன் செழியன் கூப்பிட்டான். அஞ்சலை மீன் அரிவதை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

“அப்பா.”

“ம்.”

“அங்க மழையா?”

“தூறுது.”

“அப்பா, ஒரு விஷயம்.”

சாப்பாடு ஒத்துக்கலையா, முதலாளி ஏசுறானா, கூட இருக்கறவனுங்களோட சண்டையா. மூன்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாக்குக்கு வந்தன. ஆண்டியப்பன் மூன்றையும் விழுங்கினார்.

செழியனும் நின்றுவிட்டான். அப்பா நுழைய வேண்டிய இடம் வந்தும் அவர் நுழையவில்லை. மேற்கொண்டு எப்படிப் போவதென்று அவனுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

“ஒண்ணுமில்லப்பா” என்றான்.

துறையாக இருந்தால் கூடை இந்நேரம் கைமாறியிருக்கும்.

ஆண்டியப்பன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் காற்று அடித்தது. ஏதோ கயிறு கட்டையில் உரசியது. யாரோ தூரத்தில் புரியாத பாஷையில் கத்தினார்கள். வச்சிட்டானா என்று அஞ்சலை கையால் கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினார்.

கயிறு உரசிக்கொண்டே இருந்தது.

“எனக்குக் கடலைப் பார்த்தா பயமா இருக்குப்பா.”

கடல்ல பொறந்தவனுக்கு என்னடா பயம். வாக்கியம் தயாராக இருந்தது. அது அவருடையதுகூட இல்லை. ரொம்ப நாளைக்கு முன்னால், கரையில் நின்றுகொண்டு அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, அவருடைய அப்பா குறுக்கே சொன்னது.

ஆண்டியப்பன் குனிந்து, அன்று எண்ணெய் சொட்டிய தன் பாதத்தைப் பார்த்தார்.

“அப்பா, இருக்கீங்களா?”

“இருக்கேன்டா” என்றார். “சொல்லு.”