இருபதுக்கு மேல் ஒரு பிள்ளை

சூளைமேட்டு மடத்தில் பூசைச் சத்தத்தைவிடப் பிள்ளைகளின் சத்தம்தான் அதிகம். செங்கல் அறுக்கப் போகும் பெண்கள் விடிந்ததும் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் வந்து தூக்கிப் போவார்கள். மடத்தின் தலைவி நிறைமதி அம்மை. வயது நாற்பதுகூட இருக்காது. பேச்சு குறைவு.

அவருக்குச் சீடராக வந்து சேர்ந்தவர் வைத்தியலிங்கம், சர்க்கரை ஆலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஸ்டாம்ப் பேடை மட்டும் துறக்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் காப்பகத்தை அம்மை அவர் பொறுப்பில் விட்டார். மனிதர் புகுந்து விளையாடிவிட்டார். பைகள் ஆணியில் ஏறின. ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு நிறத்தில் நூல். ஆயாக்கள் இரண்டே பேர் என்பதால் இருபது பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று விதி வைத்தார். தப்பான விதி என்று சொல்ல முடியாது. கவனிக்க ஆளில்லாமல் ஒரு பிள்ளை கிணற்றுப் பக்கம் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

மாசி மாதம் காத்தாயி என்பவள் தன் மூன்று வயது மகள் மயிலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இடம் இல்லம்மா. ஆடியில வா."

"ஆடியில சூளையே இருக்காதுங்களே ஐயா."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அவள் பிள்ளையோடு திரும்பிப் போனாள். கடிந்து ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியதில் வைத்தியலிங்கத்துக்குத் திருப்திதான்.

அதற்குப் பிறகு மதியச் சோறு தினமும் பற்றாமல் போனது. அவர் போய்ப் போய் எண்ணினார். எப்போது எண்ணினாலும் இருபது. பொறுக்க முடியாமல் அம்மையிடம் வந்தார்.

"கணக்கு சரியா இருக்கும்மா. சோறு மட்டும் இடிக்குது. நான் எதைக் கவனிக்காம விட்டேன்?"

அம்மை அவர் காலைப் பார்த்தார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் பாதக்குறடுதான் போடுகிறார். நடந்தால் அந்த மரக்கட்டைச் சத்தம் கொல்லை வரைக்கும் கேட்கும்.

"அதைக் கழட்டிட்டு ஒரு தடவை போய்ப் பாருங்க."

வெறுங்காலோடு போனார். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் மயிலு. இரண்டு பக்கத்துத் தட்டிலும் கை வைத்து, வாய் நிறையச் சோற்றோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவன் அவரைப் பார்த்துவிட்டான். வரிசை முழுக்க அடங்கிப்போனது. மயிலு அழவில்லை. கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள். பாய்கள் சுருட்டி அடுக்கியிருந்த மூலைக்குத் தவழ்ந்து போனாள். ஒரு பாயை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டாள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் நகர்ந்து உட்கார்ந்து நடுவிலிருந்த இடத்தை நிரப்பினார்கள்.

"இங்க யாரும் இல்ல தாத்தா" என்றாள் ஒருத்தி.

ஆயா சடைச்சி கரண்டியோடு நின்றாள். "காத்தாயி கொல்லைப் பக்கமா கொண்டாந்து விட்டா. எனக்கு மனசு கேக்கல ஐயா. ஒளியச் சொல்லி நாங்க சொல்லித் தரல. உங்க கட்டைச் சத்தம் கேட்டா அவளே போயிருவா."

வைத்தியலிங்கத்தின் முகம் எரிந்தது. ஆலையில் அவர் வரும் சத்தம் கேட்டால் குமாஸ்தாக்கள் எழுந்து நிற்பார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இங்கே ஒரு பச்சைப்பிள்ளை அவருக்குப் பயந்து சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

திரும்பி அம்மையிடம் வந்தார்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

"ரெண்டு ஆயாவுக்குத் தாங்காதுன்னுதான்…" என்று இழுத்தார் அவர்.

"நீங்க அங்க என்ன பாக்கறீங்க?"

"சேர்க்கை பாக்கறேன்."

"சரி. பிள்ளைங்களை யாரு பாக்கறது?"

அவர் நேராகக் காப்பகத்துக்குப் போய் மயிலுவின் பெயரைப் பதிந்தார். அவளுக்கென்று ஒரு டம்ளர் எடுத்து மஞ்சள் நூல் கட்டினார். மூலைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"மயிலு, வெளிய வாம்மா. தாத்தா உனக்கு இடம் குடுத்துட்டேன்."

பாய் அசையவில்லை. சோறு காய்ந்தது. கெஞ்சிப் பார்த்தார். உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுபடியும் அம்மை முன்னால் வந்து நின்றார்.

"சேர்த்துட்டேம்மா. இடம் குடுத்துட்டேன்னும் சொல்லிட்டேன். வர மாட்டேங்கறா."

அம்மை சொன்னார்:

"அவளுக்கு அந்தப் பிள்ளைங்க என்னைக்கோ இடம் குடுத்துட்டாங்க. உங்களுக்கு அங்க இடம் இருக்கான்னு அவகிட்ட கேட்டீங்களா?"