மூன்று பேருக்கு ஒரு கல்

ஓலைக்குளத்தில் சடையாண்டி, மூக்கன், கொண்டையன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். பாகம் பிரிக்காத குடும்பம். குடை ஒன்று, சைக்கிள் ஒன்று. எல்லாமே முறை வைத்துத்தான். அடைமழையிலும் முறை இல்லாதவன் குடைக்குப் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நடப்பான். குறை சொல்ல மாட்டான்.

மூத்தவர் சடையாண்டிக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. கத்தி என்றாலே அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். டாக்டரம்மா ஒரு டப்பாவில் பரிசோதனைத் தாள் கொடுத்தார். தினமும் காலையில் சிறுநீரில் நனைக்க வேண்டும். மஞ்சளானால் அமிலம் அதிகம். பச்சையானால் கல் மெல்லக் கரையும். மாத்திரையோடு பன்னிரண்டு டம்ளர் தண்ணீர். பச்சைக்கு வரவே இல்லையென்றால் ஆபரேஷன்.

முதல் நாள் தாள் மஞ்சளானது. சடையாண்டி அன்று சாப்பிடவில்லை. தம்பிகள் கூடி யோசித்தார்கள்.

"வலியும் அண்ணனுக்கு, வேலையும் அண்ணனுக்கா? நாம எதுக்குக் கூடப் பிறந்தோம்?" என்றான் மூக்கன்.

தண்ணீரை ஆளுக்கு நாலு டம்ளராகப் பிரித்தார்கள். தாள் நனைப்பதற்கும் முறை வைத்தார்கள். மறுநாள் மூக்கன் நனைத்தான், பச்சை. சடையாண்டி சந்தோஷத்தில் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார். அடுத்த நாள் கொண்டையன் நனைத்தான், மஞ்சள்.

"நேத்து என்னடா தின்னே?" என்றான் மூக்கன்.

"கறி."

"அண்ணன் வயித்தைக் கிழிக்கணும்னே அலையிறியா?"

கொண்டையன் அழுதுவிட்டான்.

வாரம் முடிந்து தாள்களைக் காட்டப் போனார்கள். ஏன் இப்படி மாறி மாறி வருகிறது என்று டாக்டரம்மா கேட்டார். பச்சையெல்லாம் தன்னுடையது என்றான் மூக்கன், அடக்கமாக.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "கல் யார்கிட்ட இருக்கோ, அவர் மட்டும்தான் தண்ணி குடிக்கணும், அவர் மட்டும்தான் நனைக்கணும். பச்சை வரலேன்னா அவருக்குத்தான் ஆபரேஷன். புரியுதா?"

புரிந்தது. சடையாண்டி தனியாளாகக் குடித்தார். தாள் பச்சைக்கு வந்தது. இரண்டு மாதத்தில் கல் கரைந்து, கடுகளவாகி, வெளியே விழுந்தது. கத்தி இல்லை. அவர் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

விழுந்த கல்லைத் தம்பிகள் கழுவி விபூதி டப்பாவில் வைத்தார்கள். பாகம் பிரிக்காத சொத்து. ஆளுக்கு ஒரு வாரம் என்று முடிவானது.

மூக்கன் தன் வாரத்தைப் பச்சையாகவே முடித்தான். இந்த வாரம் கல் கொண்டையனிடம். பன்னிரண்டு டம்ளர் குடித்தும் தாள் மஞ்சள்தான். கறியை அவனால் விட முடியவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்க மூக்கன் அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

சடையாண்டி வீட்டில் உட்கார்ந்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை கல் அவர் முறை.