ஐந்தாவது குழாய்

"இவன் கை பட்டுத்தான் அம்மிணி என் வண்டி நாசமாப் போச்சு. உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே இவனத் துரத்திப்போடறேன்!"

பட்டறைக்குள் கால் வைக்கும் முன்பே செங்கோடன் கத்த ஆரம்பித்துவிட்டார். லாரி அவருடையது. 'இவன்' என்றது டிரைவர் சூசையை. சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கி, லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் மனுஷன். அப்படி ஒரு ஆத்திரம்.

மெக்கானிக் தெய்வானைக்கு அவர் வயதில் பாதிதான். ஆனால் சங்ககிரி வட்டாரத்தில் பழைய டீசல் இன்ஜின் மக்கர் பண்ணினால் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். செங்கோடனுக்கு அதுவும் எரிச்சல்.

"என்னங்கண்ணா பண்ணுது?"

"மிஸ்ஸிங் அடிக்குது. ஆக்ஸிலேட்டர மிதிச்சா முக்குது. நேத்து தொப்பூர் ஏத்தத்துல நடு ரோட்டுல நின்னுபோச்சு. பின்னால வந்தவனெல்லாம் என்னைப் பெத்தவங்களையும் சேத்துத் திட்டிட்டுப் போறான்!"

"சூசையண்ணன் என்ன சொல்றாரு?"

"அவன் என்னத்தச் சொல்றது? டீசல் திருடற பய! அதனாலதான் பழைய பேரல்ல டீசல் வாங்கி, வீட்டுல பூட்டி வச்சு, என் கையால ஊத்தறேன். அப்படியும் வண்டி இழுக்கல, பாத்துக்க!"

பட்டறையில் வேலையாக இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சூசைக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவன் ஓட்டுகிற வண்டி அது. ஊரைக் கூட்டித் திருடன் என்றால் எவனுக்குத்தான் வயிறு எரியாது?

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா."

லாரி நின்ற இடத்திலேயே உதறியது.

ஆறு சிலிண்டருக்கும் ஆறு டீசல் குழாய்கள். தெய்வானை ஸ்பேனரை எடுத்து முதல் குழாயின் நட்டைத் தளர்த்தினாள். டீசல் பீய்ச்சியது. இன்ஜின் சத்தம் படக்கென்று இறங்கியது. மறுபடி இறுக்கினாள். அடுத்ததைத் தளர்த்தினாள். அதற்கும் இறங்கியது. மூன்றும் நான்கும் அப்படியேதான்.

ஐந்தாவதைத் தளர்த்தினாள்.

சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதாங்க. வேலை செய்யறதைக் கழட்டினா வண்டி திணறும். செய்யாததைக் கழட்டினா, கழட்டினதே தெரியாது. இதுல டீசலைத் தெளிக்கற நாஸில் கெட்டுப்போச்சுங்க."

செங்கோடன் இன்ஜினை நிறுத்தினார். சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டு இறங்கினார்.

"கெட்டது தெரியுது. கெடுத்தது எவன்? அதைச் சொல்லு! மனுஷனுக்கும் இந்த மாதிரி ஒரு ஸ்பேனர் இருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

"இருக்குதுங்களே."

"எங்க இருக்குது?"

"போன தை மாசம் கிளீனரத் துரத்துனீங்க. வண்டி தேறுச்சுங்களா?"

"எங்க தேறுச்சு? டயர்ல காத்து இருக்குதான்னு பாக்கக்கூட நாதியில்ல."

"சூசையண்ணன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவுல போனாரே, அப்போ?"

"ஷெட்டுலயே கிடந்துச்சு. இந்தக் கிழட்டு வண்டிய வேற எவனும் தொடமாட்டேன்னுட்டான்."

"நீங்க டைபாய்டுல படுத்திருந்தீங்களே. அப்போ?"

"அப்பவா? அது பாட்டுக்கு ஓடுச்சு. தொப்பூர்லகூட ஒருவாட்டி நிக்கல. டீசலுக்கு இவன்தான் நேரா பங்க்குக்குப் போயி..."



தெய்வானை ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தாள். டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து அதில் பிடித்தாள். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

மேலே கொஞ்சம் டீசல். கீழே பாதி டம்ளருக்குத் தண்ணீர். அடியில் பேரல் துரு.

செங்கோடன் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்துபோயிற்று. மடியிலிருந்து சாவியை எடுத்தார். சூசையின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"இந்தா. புடி." சத்தம் பக்கத்தில் நின்றவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சூசை கையை நீட்டவில்லை. வந்ததிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"திருடன்னு எந்தச் சத்தத்துல சொன்னீங்களோ, அதே சத்தத்துல இல்லைன்னு சொல்லுங்க. சாவி அப்புறம்."