கடைசியில நின்ன நீல ட்ரம்

ஒரு ஊர்ல ஒரு தெரு, அந்தத் தெருவுல ஒரு நீல ட்ரம் இருந்துச்சாம்.

"தட்டுற ட்ரம்மா சித்தி, தண்ணி ட்ரம்மா?"

ஆரம்பத்துலயே கேட்டுட்டியா! அந்தத் தெருவுல எல்லாமே ட்ரம் தான்டி அமுதி. அரிசி கொட்டி வச்சா அரிசி ட்ரம். ரோடு போட வந்தவங்க விட்டுட்டுப் போனது தார் ட்ரம். மெக்கானிக் அண்ணன் கழட்டிப் போட்டு திரும்ப மாட்டத் தெரியாம முழிக்கிறது பிரேக் ட்ரம். கல்யாண பேண்டுக்காரர் தோள்ல தொங்குறதும் ட்ரம். இது எந்த ட்ரம்னு கடைசியில நீயே சொல்லு. இப்போ தலையணையில தலையை வச்சு ம் கொட்டு.

"ம்."

அந்த நீல ட்ரம் தமயந்தி வீட்டு ட்ரம். தமயந்தி ஒன்பதாவது படிக்கிற பொண்ணு. நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்க அவளுக்கு அப்படி ஒரு கூச்சம். ஆனா விரல் மட்டும் சும்மா இருக்காது. டெஸ்க்குல டக்கு டக்கு, டிபன் பாக்ஸுல டிங்கு டிங்கு, பஸ் கம்பியில டிணுக்கு டிணுக்கு. "பொம்பளப் பிள்ளைக்கு என்ன தாளம் வேண்டிக் கெடக்கு?"ன்னு ஒரு டீச்சர் திட்டினாங்க. அதே டீச்சர் தான் ஆண்டு விழாவுல, பெண்கள் எல்லாத் துறையிலயும் முன்னேறணும்னு முக்கால் மணி நேரம் பேசினாங்க.

அப்புறம் அந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு குழாய் இருக்கு. திறந்தா 'உஸ்ஸ்ஸ்'னு பெருமூச்சு விடும், அவ்வளவு தான். அடிபம்ப்புல வர்றது உப்புத் தண்ணி. அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி லாரி வரும். எத்தனை மணிக்கு வரும்? அது லாரி டிரைவருக்குத் தெரியும், குலோத்துங்கன் மாமாவுக்குத் தெரியும்.

குலோத்துங்கன் மாமா தான் தெரு நலச் சங்கத் தலைவர். யார் தேர்ந்தெடுத்தாங்கன்னு கேக்கக் கூடாது, அவர் மனசு புண்படும். லாரி வர்றதுக்கு முன்னாடி டிரைவர் அவருக்கு மட்டும் போன் போடுவார். அப்புறம் லாரி டர்ர்ர்னு தெருக்குள்ள வந்து, நேரா தெருக்கோடிக்குப் போய், அவர் வீட்டு கேட்டு முன்னாடி நிக்கும். அங்க அவரோட மூணு ட்ரம். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு மாமிக்கு, ஒண்ணு சங்கத்துக்கு. சங்கத்துக்கு எப்படித் தாகம் எடுக்கும்னு யாரும் கேக்கலை. அதுக்குப் பின்னாடி தான் மத்தவங்க ட்ரம் எல்லாம் வரிசையா நிக்கும். கேட்டுல ஒரு போர்டு வேற. 'லாரி நிற்கும் இடமே வரிசையின் தொடக்கம். ஆள் இல்லாத ட்ரம்முக்குத் தண்ணீர் இல்லை. இப்படிக்கு, தலைவர்.' எப்போ வரும்னே தெரியாத லாரிக்கு ஆள் எப்படி நிக்கும்? பாதிப் பேருக்கு லாரி வந்துட்டுப் போனதே தரையில ஈரத்தைப் பார்த்து தான் தெரியும்.

அப்போ தமயந்தியோட தங்கச்சி பூரணிக்கு அம்மை போட்டுடுச்சு. உன் வயசு தான். உடம்பெல்லாம் முத்து முத்தா, ஒரே அரிப்பு. வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு. வீட்டுல தாளிக்கக் கூடாது, பாயில வேப்பிலை பரப்பிப் படுக்கணும். அம்மை இறங்கினா ஒத்தைப்படை நாள்ல தண்ணி ஊத்துவாங்க. அண்டாவுல வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயில்ல வச்சு, வெதுவெதுன்னு ஆனதும் தலையோட ஊத்தணும். அதுக்கு நல்ல தண்ணி வேணும். உப்புத் தண்ணி பட்டா புண்ணெல்லாம் எரியும். அம்மா தையல் கம்பெனிலருந்து பஸ்ஸுல தூக்கிட்டு வர்ற சின்ன கேன் தண்ணி, குடிக்கவும் கஞ்சி வைக்கவுமே சரியாப் போயிடும்.

"அக்கம்பக்கத்துல கேக்கலாமே?"

கேட்டாங்களே. அம்மை போட்ட வீட்டோட கொடுக்கல் வாங்கல் கூடாதாம். "அம்மனே வந்து தங்கியிருக்கா, அவளுக்கு நாங்க தண்ணி குடுக்கிறதா? அபச்சாரம்!"னு நாலு வீடு தள்ளி நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அவ்வளவு பக்தி.

"அக்கா, எப்போக்கா தண்ணி ஊத்துவே?"ன்னு பூரணி கேட்டா. "அஞ்சாம் நாள்"னு சொன்னா தமயந்தி.

அஞ்சாம் நாள் வந்துச்சு. ட்ரம் வரிசையில ஏழாவதா நிக்குது. பூரணி அழுதான்னு தமயந்தி உள்ள போய் வேப்பிலைக் கொத்தால மெதுவா வருடிக் கொடுத்தா. அந்த நேரம் பார்த்து டர்ர்ர். படபடன்னு ஓடி வர்றா, லாரி போயே போச்சு. அவ ட்ரம்முல எட்டிப் பார்த்தா ஒரு பல்லி மட்டும் இருக்கு.

"ஆள் இல்லையேம்மா. ரூல்ஸுன்னா ரூல்ஸ்"னு போர்டைக் காட்டினார் மாமா. அவர் எழுதின போர்டுக்கு அவரே கட்டுப்பட்டு நடக்கிறவர்.

"பாவம்."

ம், பாவம். அப்புறம் ஏழாம் நாள். தமயந்தி விடியக்காலையிலயே வந்து ட்ரம் பக்கத்துல உக்காந்துட்டா. விரல் சும்மா இருக்குமா? வரிசையில இருக்கிற ட்ரம்மை எல்லாம் ஒண்ணொண்ணா தட்டிக்கிட்டே போனா. டொம்ம்ம். டொம்ம்ம். டொம்ம்ம். எல்லாம் காலி. முதல் மூணு மட்டும் தொத். தொத். தொத். நின்னு யோசிச்சா. அந்த மூணும் கழுத்து வரைக்கும் நிறைஞ்சு இருக்கு! நிறைஞ்ச ட்ரம்முக்குள்ள லாரிக் குழாயை விட்டா என்ன ஆகும்? வழியும். வழிஞ்சு எங்க போகும்? சுவரோரமா மாமா வச்சிருக்கிற குரோட்டன்ஸ் செடிக்குப் போகும். ஊரே காய்ஞ்சு கெடக்கு, குரோட்டன்ஸ் மட்டும் தளதளன்னு நிக்குது.

மாமா இதைப் பார்த்துட்டார். துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஓடி வந்தார். அதட்டினார்னா நினைக்கிறே? கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே! அம்மன் இறங்கின வீட்டு ட்ரம் எங்க ட்ரம்மோட எல்லாம் உரசிக்கிட்டு நிக்கலாமா? மரியாதையா தனியா நிக்கட்டும்."

ட்ரம்மை அவரே டமடமடமன்னு உருட்டிக்கிட்டுப் போய், வரிசையோட வாலுக்கும் பின்னால, தெருமுனையில நிறுத்தினார். பொட்டு வச்சார். ஒரு கொத்து வேப்பிலையும் சொருகினார். எதிர் வீட்டு வள்ளிநாயகி அக்கா, "கடைசி ட்ரம்முக்கு என்னைக்குண்ணே தண்ணி வந்திருக்கு?"ன்னு கேட்டாங்க. "அம்மனுக்கு இல்லாததா?"ன்னு சொல்லிட்டு மாமா உள்ள போய் சட்னி தாளிக்கச் சொன்னார்.

தமயந்திக்குக் கண்ணுல தண்ணி முட்டுது. ட்ரம் மேல கையை வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அப்போ தான் ஒண்ணு பார்த்தா. தெருமுனையில நின்னா மெயின் ரோடு தெரியும். அங்க டீக்கடை. டீக்கடை வாசல்ல லாரி! டிரைவர் டீயைக் கையில வச்சுக்கிட்டு போன் பேசுறார். பன் ஒண்ணு வாங்கி நனைச்சு நனைச்சுத் தின்னுறார். அந்த பன் தீர்ந்தப்புறம் தான் லாரி கிளம்புது. டர்ர்ர்னு அவளைத் தாண்டி மாமா வீட்டுக்குப் போச்சு, காலியாகி டடக் டடக்னு திரும்பி வந்துச்சு. அம்மனுக்கு ஒரு சொட்டு இல்லை.

"அக்கா, தண்ணி?"

"ஒன்பதாம் நாள், பூரணி."

"பொய் சொல்றே. நீ பொய் சொல்றே"ன்னு அவ சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. சொறியாம இருக்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டா. தமயந்திக்கு அதைத் தான் தாங்க முடியலை.

கேக்குறியா அமுதி?

"ம்ம்…"

ஒன்பதாம் நாள். இன்னைக்கு விட்டா ஒரு வாரத்துக்கு லாரி கிடையாது, ஸ்ட்ரைக்குன்னு சொல்லிட்டாங்க. தமயந்தி கண்ணை மெயின் ரோட்டுல வச்சுக்கிட்டு நின்னா. லாரி வந்துச்சு. டிரைவர் இறங்கினார். டீயை வாங்கினார், போனை எடுத்தார்.

அவ ட்ரம்மைக் கவுத்தா. பொத்!

ரெண்டு கையையும் ஓங்கினா. டம்! டம் டம்! டக்கு டக்கு டமார்! டம் டம் டக்கு டக்கு டமார்! இத்தனை வருஷம் டெஸ்க்குல அடிக்கக் கூடாதுன்னு சொன்னது, டிபன் பாக்ஸுல தட்டக் கூடாதுன்னு சொன்னது, எல்லாம் சேர்ந்து அந்த ட்ரம் மேல இறங்குது. ஜன்னல் எல்லாம் படபடன்னு திறக்குது. "யார் வீட்டுக் கல்யாணம்?"னு ஒரு தாத்தா கேக்கிறார். "கல்யாணம் இல்ல தாத்தா, லாரி! லாரி!"ன்னு வள்ளிநாயகி அக்கா கத்துறாங்க. குடம் உருளுது, வாளி உருளுது, பல் தேய்க்கிற நுரையோட ஒருத்தர், தலையில எண்ணெயோட ஒருத்தர். டிரைவர் பன்னைத் தின்னு முடிக்கிறதுக்குள்ள ஒவ்வொரு ட்ரம் பக்கத்துலயும் ஆள் நிக்குது.

லாரி வந்துச்சு. உள்ள எங்க போறது? தெரு முழுக்க ஜனம். பாம் பாம்னு அடிச்சுப் பார்த்தார் டிரைவர், யாரும் நகரலை. தெருமுனையிலயே இஞ்சினை அணைச்சுட்டார்.

மாமா ஓடி வந்தார். ஒரு கன்னம் ஷேவ் பண்ணினது, ஒரு கன்னம் சோப்பு. "வரிசை அங்கருந்துய்யா! வண்டியை உள்ள விடு!"

வள்ளிநாயகி அக்கா நிதானமா சொன்னாங்க. "லாரி நிக்கிற இடம் தானேண்ணே வரிசையோட தொடக்கம்? போர்டுல நீங்களே அழகா எழுதி வச்சிருக்கீங்க."

"வாய் கொப்பளிக்கக் கூட வீட்டுல தண்ணி இல்லம்மா!"ன்னு குரல் தழுதழுக்கச் சொன்னார் மாமா.

அப்போ தமயந்தி என்ன பண்ணினா தெரியுமா? தெருக்கோடி வரைக்கும் நடந்து போனா. மாமாவோட மூணு ட்ரம்மையும் விரல் முட்டியால தட்டினா.

தொத்.

தொத்.

தொத்.

பல் தேய்க்கிற நுரையோட நின்னவர் தான் முதல்ல சிரிச்சார். நுரை பறக்கச் சிரிச்சார். அப்புறம் எல்லாரும்.

தமயந்தி திரும்பி வந்து ட்ரம்மை நிமித்தினா. டிரைவர் குழாயை உள்ள விட்டார். குபுகுபுகுபு. கடைசி ட்ரம் முதல் ட்ரம்மா நிறைஞ்சுது. அப்புறம் வரிசையா எல்லாருக்கும். வரிசை மாமா வீட்டு கேட்டை எட்டுறதுக்குள்ள லாரி காலி. அவருக்கு ஒண்ணும் நஷ்டமில்லை, ட்ரம் நிறைஞ்சு தானே இருக்கு? குரோட்டன்ஸ் தான் கொஞ்சம் முகம் வாடிச்சு.

மத்தியானம் அண்டாத் தண்ணி வெயில்ல வெதுவெதுன்னு ஆச்சு. சளேர்! பூரணி 'ஹீ'ன்னு கத்தினா. அவ முடியில ஒட்டின வேப்பிலையை எல்லாம் தமயந்தி ஒண்ணொண்ணா எடுத்தா. "இன்னொரு சொம்பு ஊத்துக்கா"ன்னா அவ. ஊத்தினா. "இன்னொண்ணு." ஊத்தினா. மூணு சொம்புக்கு அப்புறம் தான் அக்கா மேல இருந்த கோவம் போச்சாம்.

அடுத்த வாரமே தெருமுனையில ஒரு பேனர். 'லாரி வருகையை ஒலி மூலம் அறிவிக்கும் திட்டம் தந்த தலைவருக்கு நன்றி!' மாமா படம் ஆள் உயரத்துக்கு. ஓரத்துல தபால் தலை அளவுக்கு ஒரு ட்ரம் படம். தமயந்தி? அவ படம் இல்லை. பேனருக்குக் கீழ நின்னு மெயின் ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தா. மாமா மெதுவா வந்து, "அம்மாடி, டிரைவர் இப்போ போன் போடறதில்லை, எங்க வீடு கோடியில இருக்கு. கொஞ்சம் பலமா அடி, காதுல விழ மாட்டேங்குது"ன்னு கெஞ்சினார். அவ யோசிச்சுட்டுத் தலையாட்டினா. ஆனா ஒரு தடவை கூட கூடுதல் பலமா அடிக்கலை.

இப்போ சொல்லு அமுதி, அது தட்டுற ட்ரம்மா, தண்ணி ட்ரம்மா?

அமுதி?

…சரி. லாரியும் போச்சு, கதையும் தீர்ந்துச்சு. நீ தூங்கு.